எரிந்த கட்சிக்கு மாறிவிட்டேன், மச்சான்

மச்சான், நாலு வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு நீ என் கைப்பேசிக்குள் நடந்து வந்தாய்.

இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. வழக்கமாகக் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிற ஆள்தான் நான். அது உனக்கும் தெரியும், பண்டாரவளை பஸ் நிலையத்துக்கே தெரியும். ஆனால் இது சேர்க்காமல் சொல்வது. கடையில் ஒருவருடைய போனைத் திறந்து, உடைந்த கண்ணாடியைச் சூடு காட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிடந்த என் போன் சிணுங்கியது. கொழும்பிலிருந்து உன் மகள் யமுனா. "மாமா, நான் செய்ற கேம் அனுப்பியிருக்கேன். தொறந்து பாருங்க. பயந்துறாதீங்க" என்று எழுதியிருந்தாள்.

பயமா, எனக்கா? வீடியோ கேமில் வருகிற பேய்கள் எல்லாம் என் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்ளும். ஒற்றைக் கையால் திறந்தேன். மலை வந்தது, தேயிலை வந்தது, பூனாகலைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரை வந்தது. கூரைக்குப் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். தலையில் ஜிகினாக் கிரீடம், கையில் கரும்பு வில், காலில் ரப்பர் செருப்பு. வலது தோளை முன்னால் தள்ளி, இடது காலை லேசாக இழுத்து வந்தான். தேயிலைத் தொழிற்சாலை ஏணியிலிருந்து விழுந்த பிறகு நீ நடந்த நடை.

கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. போனுக்குச் சொந்தக்காரர் பதறி, "என்ன முதலாளி, கரண்ட் அடிச்சிருச்சா?" என்றார். "ஆமாங்க" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது? உன்னை நாங்கள் மண்ணில் வைத்து ஏழு மாதம் ஆகிறது. மண்ணுக்குள் வைத்த ஆள் கண்ணாடிக்குள் நடந்து வருகிறான் என்று சொன்னால், பழுதுபார்க்கக் கொடுத்த போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மாசி மாதம் நம் தோட்டத்தில் காமன் கூத்து. கம்பம் நட்டு, நாள்தோறும் தப்பு அடித்து, கடைசியில் சிவன் நெற்றிக் கண்ணைத் திறக்க, காமன் எரிந்துபோவான். ரதியின் அழுகைக்கு இரங்கி மூன்றாம் நாள் அவனை எழுப்பிக் கொடுப்பார்கள். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். இதை வைத்து லாவணிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாட்டிலேயே அடித்துக்கொள்வார்கள். காமன் எரிந்தான், கதை முடிந்தது என்பவன் எரிந்த கட்சி. எரியவே இல்லை, இருக்கிறான் என்பவன் எரியாத கட்சி. பதினெட்டு வருஷம் காமன் வேஷம் கட்டிய நீ எரிந்த கட்சி. ஒரு வருஷம்கூட அந்த வேஷம் கட்டாத நான் எரியாத கட்சி. (ஒரு வருஷம் நந்தியாக நின்றேன். அந்த நந்தியைப் பார்க்கத்தான் பதுளையிலிருந்து தனி பஸ் விட்டார்கள் என்று நான் சொல்வதுண்டு. அந்த பஸ் கல்யாணத்துக்கு வந்தது என்று நீ சொல்வதுண்டு.)

அந்தச் சண்டையை அப்படியே தூக்கி வீடியோ கேமுக்குள் போட்ட பெருமை உலகத்திலேயே நம் இருவருக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை லீவு விட்டதும் நீ பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவாய். கதவைப் பாதி சாத்திவிட்டு, பழைய டீவியில் கேம் பெட்டியை மாட்டி, நாற்பது தாண்டிய இரண்டு ஆம்பிளைகள் பலகையில் உட்கார்ந்து அடித்துக்கொள்வோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு விலகிப்போனாலும், கேமில் வருகிற ஒவ்வொருத்தனையும் நான் எடை போடுவதைப் பார்த்து எல்ல ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் என்னைத் தேடி வந்தான்.

"அவன் சிம் வாங்க வந்தவன் மச்சான்" என்பாய்.

"சிம் எல்லயில இல்லையா? ஏன் என்கிட்ட வந்தான்?"

"எல்லயில மழ."

உன்னோடு ஆடுவது பெரிய தொல்லை. ஆட்டத்தை ஆடமாட்டாய், ஆட்களை விசாரிப்பாய்.

"இவனுக்கு எத்தன உசுரு?"

"அஞ்சு."

"அஞ்சு உசுர வெச்சிக்கிட்டு சண்டைக்குப் போறது வீரமாடா? எனக்கு அஞ்சு இருந்தா நானும்தான் தோட்டத்துத் தொரையோட மோதுவேன்."

"தொரையோட மோத ஒரு உசுரு போதும். நான் மோதினேனே!"

"நீ தொரையோட மோதல. தொரையோட ஜீப்புல மோதின. சைக்கிள்ல."

கோபுரத்தில் பூட்டி வைத்த இளவரசியைக் காப்பாற்ற நான் மூன்று வாரம் உயிரை விட்டு ஆடிக்கொண்டிருந்தபோது, நீ திரையில் இருந்த ஜன்னலை விரலால் தொட்டுக் காட்டினாய். "ஜன்னல் இருக்கு. சேலை இருக்கு. எறங்கத் தெரியாதா இவளுக்கு? நம்ம லயத்துப் புள்ளையா இருந்தா, இவன் போய்ச் சேர்றதுக்குள்ள எறங்கி வந்து தேத்தண்ணி ஊத்தியிருப்பா." அடித்த பிறகும் மூன்று தடவை எழுந்து, எழும்போதெல்லாம் பெரிதாகிற அரக்கன் எனக்குப் பிடிக்கும். உனக்குப் பிடிக்காது. கேம் செய்தவனுக்குக் கதையை முடிக்கத் தெரியவில்லை, அதனால் அரக்கனுக்கு உடம்பு வைக்கிறான் என்பாய். இதை நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு என்னுடைய கருத்தாகவே நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்குப் பிடித்தவர்கள் யாருமே கதாநாயகர்கள் இல்லை. ஒரு கேமில் சந்தைக்காரன் ஒருவன் நிற்பான். யார் போனாலும் "நல்ல கத்தி இருக்கு, வாங்கிக்கங்க" என்பான். ஊரே தீப்பற்றினாலும் அதேதான். நீ சண்டையை விட்டுவிட்டு அவன் முன்னால் போய் நிற்பாய். "பாவம்டா. இவனுக்கு இன்னொரு வார்த்த எழுதிக் குடுக்க ஒருத்தனுக்கும் நேரமில்ல பாரு."

நான் சொல்வேன், கேம் என்றால் செத்தவன் எழ வேண்டும். எழாவிட்டால் யார் விளையாடுவான்? நீ கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாய்: "எந்திரிப்பான்னு தெரிஞ்சா, அவன் விழுறத யாருடா பாக்கப்போறா?"

இந்தச் சண்டையில் நான்தான் எப்போதும் ஜெயித்தேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். யமுனாவின் கேமில் விளையாடுகிறவன்தான் கூத்தை நடத்த வேண்டும். கம்பத்துக்கு மரம் தேட வேண்டும், லயம் லயமாகப் போய் ஆட்களைக் கூப்பிட வேண்டும், தப்பை நெருப்பில் காய்ச்ச வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தால் நீ ஆடிக்கொண்டு வருவாய். உன் ஆட்டத்தை இரண்டு வருஷத்துக்கு முன் அவள் எடுத்த வீடியோவிலிருந்து அப்படியே இறக்கியிருக்கிறாள். கடைசியில் சிவனின் கண் திறந்தது. நீ எரிந்தாய். சாம்பல் பறந்தது. கீழே ஒரு பொத்தான் வந்தது. 'மீண்டும்' என்று போட்டிருந்தது. கை தானாக அமுக்கிவிட்டது. சாம்பல் கூடியது, செருப்பு தெரிந்தது, நீ எழுந்து நின்று என்னைப் பார்த்தாய்.

"தேத்தண்ணி குடிச்சியா?"

உன் குரல், மச்சான். யாரோ உன்னைப் போலப் பேசியது இல்லை. அந்த வீடியோவில் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே மகளைக் கேட்டாயே, அந்தக் குரல். கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து யமுனாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, இத ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக் கூடாதா? நெஞ்சு நின்னு போச்சு."

"பயந்துறாதீங்கன்னு எழுதினேனே மாமா."

"பயமில்ல. ஆச்சரியம்." கொஞ்சம் மூச்சு வாங்கினேன். "நல்லாத்தான் செஞ்சிருக்க."

"அடுத்த மாசம் இங்க ஒரு கண்காட்சியில வைக்கணும். ரெண்டு மாதிரியும் செஞ்சு வெச்சிருக்கேன். அப்பா எந்திரிக்கிற மாதிரி ஒண்ணு, எந்திரிக்காத மாதிரி ஒண்ணு. எதக் குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அம்மா பாத்தா சந்தோஷப்படுவாங்க, எந்திரிக்கட்டும்னு இருக்கு. ஆனா அப்பா இருந்தா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். அதான் உங்ககிட்ட கேக்குறேன். நீங்க எரியாத கட்சிதானே. நீங்க சொன்னா நான் எந்திரிக்க வெச்சிருவேன். ஞாயித்துக்கிழமை சொல்லுங்க."

உடனே 'சரி' என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷச் சண்டை, தீர்ப்பு என் கையில், அதுவும் உன் மகளே கொண்டுவந்து கொடுக்கிறாள். ஆனால் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். அன்றைக்கும் வெள்ளிக்கிழமையும் வேலைக்கு நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை நீ எரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். இரண்டாவது தடவை திரையைக் கையால் மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்தாய், தேத்தண்ணி குடிச்சியா என்றாய். ஒவ்வொரு தடவையும் சிரித்தேன். ஒன்றிரண்டு தடவை பதிலும் சொன்னேன். நூறு தடவை பார்த்தேன் என்று வெளியில் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்கிறேன், பதினெட்டு.

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பதினெட்டாவது தடவை. ஒரு கையில் பருப்பு வடை. பக்கத்துக் காய்கறிக் கடைக்காரர் வந்து உட்கார்ந்து, கோவா, கேரட் எதுவும் விலை போகிறதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் மழையைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டே மற்றக் கைப் பெருவிரலால் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன முதலாளி, போனுல யாரோ எரியுற மாதிரி இருக்கே?"

"அது ஒண்ணுமில்ல" என்றேன். "அது எந்திரிச்சிரும்."

சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் வடை தொண்டைக்குள் போகாமல் நின்றுவிட்டது. 'அது' என்றேன், மச்சான். உன்னை 'அது' என்றேன். நீ எரிந்துகொண்டிருந்தாய், நான் வடை தின்றுகொண்டு கோவா விலை பேசிக்கொண்டிருந்தேன். உன்னை மண்ணில் வைத்த அன்று நாலு பேர் பிடித்தும் நிற்காமல் புரண்டவன் நான். அதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இதில் ஒரு சொல்லும் நான் சேர்த்ததில்லை. அதே ஆள் மூன்றே நாளில், உன்னைப் பார்க்காமலே எரிக்கப் பழகியிருந்தேன். காய்கறிக் கடைக்காரர் என் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு வடை விக்கியது என்று நினைப்பு.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பூனாகலைக்குப் போனேன். என் தங்கச்சி, அதுதான் உன் சம்சாரம், லயத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யமுனா கேட்டதைச் சொன்னேன். போனைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இவரு எப்ப அண்ணே வயிறு இல்லாம இருந்தாரு? ஒங்க மருமக நல்லாத்தான் ஏமாத்தியிருக்கா."

நீ ஆடினாய். அவள் தலை லேசாக ஆடியது. கண் திறந்தது, நீ எரிந்தாய். அவள் கண் சிமிட்டாமல் கடைசிச் சாம்பல் வரை பார்த்தாள். நான் பக்கத்திலிருந்து பொத்தானை அமுக்கினேன். நீ எழுந்தாய்.

"தேத்தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேங்க" என்றாள்.

சத்தமாக, வாசலில் நிற்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, மடையன் நான், இன்னொரு தடவை அமுக்கிவிட்டேன். திரும்ப எரிந்தாய், எழுந்தாய், அதையே கேட்டாய்.

அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒருக்கா கேட்டாரு, சொல்லிட்டேன். மறுபடியும் அதையே கேட்டா, மொத நான் சொன்னது அவருக்குக் கேக்கலன்னுதானே அண்ணே அர்த்தம்?"

கீரையை எடுத்துக்கொண்டாள். எனக்கு உன் சந்தைக்காரன் நினைவுக்கு வந்தான். உலகத்தில் எத்தனையோ பேரைப் பேச வைத்த மனுஷனை அந்தக் கத்திக்காரன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தொழிற்சாலைத் திருப்பத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் உனக்குத் தெரியுமே, அங்கே நின்று யமுனாவைக் கூப்பிட்டேன்.

"எந்திரிக்க வேணாம்மா."

"மாமா, நீங்கதானா பேசுறீங்க?"

"நான்தான்."

"நீங்க எரியாத கட்சி."

"மாறிட்டேன்."

"அப்ப அந்தக் கட்சிக்கு நான் நிக்கிறேன்" என்றாள். விடவில்லை. உன் இரத்தம். "பேசுங்க. ஏன் எந்திரிக்கக் கூடாது?"

"எந்திரிப்பான்னு தெரிஞ்சா விழுறத ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. நானே பாக்கலம்மா. வடை தின்னுக்கிட்டு இருந்தேன்."

"நீங்க பாக்காம இருக்கலாம். ஏன்னா நீங்க ஏற்கெனவே பாத்துட்டீங்க. எல்லாரும் பாத்தீங்க. நான் வர்றதுக்குள்ள மூடிட்டீங்க."

மச்சான், இதற்குத்தான் நான் தயாராக வரவில்லை. நீ போன அந்த ஐப்பசி மழையில் மலை சரிந்து ரோடு அடைபட்டு, அவள் வழியிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தாள். இன்னும் மழை வரும் என்று நாங்கள் அவசரப்பட்டோம். அவள் வந்து இறங்கியபோது ஈர மண்ணும் மாலையும்தான் இருந்தது. ஏழு மாதமாக அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததை வைத்து ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒரு கேமே செய்து கேட்டிருக்கிறாள், எனக்கு அது விளங்கவில்லை.

எனக்கு வாயடைப்பது என்பது பதுளை மாவட்டத்தில் யாரும் பார்க்காத காட்சி. அன்றைக்குத் தொழிற்சாலைத் திருப்பத்தில் அடைத்தது. பிறகு, எங்கிருந்து வந்ததோ, சொன்னேன்:

"கூத்துல மூணாம் நாள் என்னம்மா நடக்கும்?"

"எழுப்புவாங்க."

"யாரு கண்ணுக்குத் தெரியும்?"

"ரதி கண்ணுக்கு மட்டும்."

"அவ்வளவுதான். கண்காட்சியில அப்பா எரியட்டும், பொத்தான எடுத்துரு. பாக்குறவன் பாத்துட்டு வீட்டுக்குப் போகட்டும். அம்மா போனுல, ஒன் போனுல, மூணாம் நாள் ஒருக்கா வரட்டும். ஒருக்கா கேக்கட்டும். அதோட சரி."

வீடியோ கேம் கண்டுபிடித்த நாளிலிருந்து இப்படி ஒரு யோசனையை எவனும் சொன்னதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அதை யோசித்தது கூத்துதான். நான் தூக்கிக் கொடுத்தேன்.

"ஒங்க போனுக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கு வேணாம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. கேட்டதும் வாயிலிருந்து வந்துவிட்டது, வந்த பிறகு திரும்ப வாங்க வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து மாற்றினாள். புதன்கிழமை மூன்றாம் நாள். நான் கடையில் ஒரு வேலையும் ஓடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி போலத் தங்கச்சி பேசினாள். கீரை விலையில் ஆரம்பித்து, கடைசியில் போகிற போக்கில், "வந்தாரு, சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டாள். யமுனாவிடமிருந்து மத்தியானம் ஒரே ஒரு வரி வந்தது: 'குடிச்சேன்னு சொன்னேன் மாமா.' அதைப் படித்துவிட்டுக் கடையின் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அவள் கட்சியை விடுகிற மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூப்பிடுகிறாள். "மாமா, எரியாத கட்சி வந்திருக்கேன்" என்கிறாள். அடிக்கிறாள், மச்சான். நான் இத்தனை வருஷம் உனக்கு எதிராகப் பேசியதை எல்லாம் மனப்பாடம் செய்து, என்னைவிட நன்றாக எனக்கே திருப்பிச் சொல்கிறாள். நான் உன் வார்த்தைகளைத்தான் எடுத்து வைக்கிறேன். எனக்கென்று இந்தக் கட்சியில் சொந்தச் சரக்கு கிடையாது. இது அப்பா சொன்னதுதானே என்று அவள் பிடித்துவிட்டால், அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு ஒரு மணி நேரம் நின்றேன். உன் வாதம் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னேன், ஒன்றும் விடவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல, அவள் ஜெயித்துவிட மாட்டாளா, நான் சொல்வதெல்லாம் தப்பு என்று இந்தப் பிள்ளை எப்படியாவது நிரூபித்துவிட மாட்டாளா என்று உள்ளே அடித்துக்கொண்டது. அப்போதுதான் திடுக்கிட்டுப்போனேன். பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கத்துவதை எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்பாயே. எரிந்த கட்சியில் நின்று பேசுகிறவனுக்குத் தோற்கத்தான் ஆசையாக இருக்கும் என்று நீ எனக்கு ஒரு நாளும் சொல்லவே இல்லையே, மச்சான்.